முயலகனும் மறதியும்

மார்கழித் திருவாதிரையன்று அதிகாலையில் நடராசர் தரிசனத்துக்குச் செல்லும் சிறுவருக்கு, மூர்த்தியின் தூக்கிய திருவடியை நோக்கும்படியே பெரியோர் சொல்லிக் கொடுப்பர். ஊன்றிய திருவடியின் கீழ்க் கிடப்பவனைப் பற்றி விசாரிக்கும் சிறுவர் சிலரே. அவனுக்குத் தமிழில் முயலகன் என்று பெயர். வடமொழியாளர் அபஸ்மாரன் என்பர். சைவ சித்தாந்தம் அவனை ஆணவ மலத்தின் வடிவாகக் கொள்ளும். இவையெல்லாம் சமயபாட வகுப்பிற் சொல்லப்படுவனவே. ஆயின், இவ்விரு பெயர்களும் ஒரு நோயின் பெயர்களுமாம் என்பது பெரும்பாலும் சொல்லாமலே விடப்படுகின்றது. முயலகன் என்பது வலிப்பு நோய்க்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர். அபஸ்மாரம் என்பது அந்நோய்க்கே ஆயுர்வேத நூலோர் வழங்கிய பெயர்.

இவற்றுள் இரண்டாவது சொல் நம் சிந்தனைக்குரியது. ஸ்மிருதி என்பது நினைவு. அப என்பது நீக்கத்தைக் குறிக்கும் முன்னடை. ஆகவே அபஸ்மாரம் என்பதற்கு நேர்ப்பொருள் நினைவு நீங்குதல் என்பதே. கை கால் இழுப்பதையோ, வாயில் நுரை தள்ளுவதையோ, விழுந்து புரள்வதையோ அச்சொல் குறிக்கவில்லை. கண்ணைப் பறிக்கும் அடையாளங்கள் அத்தனையும் இருக்க, அவற்றை விடுத்து மறதியைக் கொண்டு நோய்க்குப் பெயரிட்ட அந்த மருத்துவர் எதைக் கண்டார்? அவர் கண்டதைப் பின்வந்தோர் எப்படிக் காணாது விட்டனர்? மீண்டும் அது எப்போது கண்ணிற்பட்டது? இவ்வினாக்களைப் பின்பற்றிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் வைத்தியனல்லேன், சரித்திரம் கற்பித்தவன். இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்த காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

முதலில் நம் இலக்கியத்திற் காணப்படும் ஒரு நோயாளியைக் காண்போம். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டை நோக்கிச் செல்லும் வழியில், திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்தை அடைகின்றார். அவ்வூரில் கொல்லிமழவன் என்னும் தலைவனுடைய மகள் முயலகன் என்னும் நோயாற் பீடிக்கப்பட்டுக் கிடக்கின்றாள். செய்யத்தக்க பரிகாரம் எல்லாம் செய்தும் பயன்படாமையால், தந்தை அவளைக் கோயிலிலே இறைவன் திருமுன் கிடத்தியிருக்கின்றான். உணர்விழந்து கிடந்த அப்பெண்ணைக் கண்ட பிள்ளையார் இரங்கிப் பதிகம் பாட, நோய் நீங்கி அவள் எழுந்தாள் என்று சேக்கிழார் கூறுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைப் பாடிய அப்புலவர், முயலகன் எத்தகைய நோய் என்று விளக்கத் தேவையின்றிக் கூறிச் செல்கின்றார். கேட்போர் யாவருக்கும் அது தெரிந்த நோயாய் இருந்திருத்தல் வேண்டும். அற்புத வரலாறு அவள் எழுந்ததோடு முடிகின்றது. அதற்கு மேல் அது சொல்ல வேண்டியதுமில்லை. ஆனால் அற்புதம் வாய்க்காத ஏனைய வீடுகளில், விழுந்த பிள்ளை எழுந்த பின்னரே நெடிய கதை தொடங்குகின்றது.

சரகசங்கிதை அந்த நெடிய கதையை அறிந்திருந்தது. அபஸ்மாரத்தை அந்நூல் வரையறுக்குமிடத்து நினைவு, புத்தி, மனம் ஆகியவற்றின் குழப்பத்தை முதன்மையாகக் கொள்கின்றது. அதற்குச் சொல்லும் மருந்துகளுள் ஒன்று பிரமி நெய். பிரமிச் சாற்றோடு வசம்பு, கோட்டம் முதலியனவும் பழைய நெய்யும் சேர்த்துக் காய்ச்சுவது. பிரமி என்பது எந்த மூலிகை என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் நீர்ப்பிரமி என்பர், சிலர் வல்லாரை என்பர். எதுவாயினும் இரண்டும் நினைவை வளர்க்கும் மூலிகைகள் என்றே மரபிற் பேசப்படுவன. யாழ்ப்பாணத்திற் பரீட்சைக் காலத்தில் வல்லாரைச் சம்பல் அரைக்காத தாய் யார்? பிள்ளைவளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்காத பாட்டி யார்? இம்மருந்துகள் வலிப்பைத் தணிக்குமா, நினைவை வளர்க்குமா என்பது ஆய்வாளர் தீர்க்க வேண்டிய வினா. நமக்கு வேண்டியது, வலிப்புக்கும் மறதிக்கும் ஒரே பாத்திரத்திலே மருந்து காய்ச்சினார்கள் என்னும் செய்தி. இரண்டையும் ஒரு நோயின் இரு முகங்களாக அவர்கள் கண்டனர்.

சித்த மருத்துவ மரபு வலிப்பை வாதத்தோடு சார்த்திப் பேசும். யாழ்ப்பாண அரசர் காலத்தவையாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள், அரசர் ஆதரவில் மருத்துவம் தமிழிற் பேணப்பட்டமைக்குச் சான்று. பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பதிப்பித்திராவிட்டால், அதுவும் ஏட்டோடு ஏடாகச் செல்லரித்துப் போயிருக்கும்.

நூலறிவு இங்ஙனமிருக்க, வீட்டறிவு வேறுவிதமாய் இருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதும், பார்வை பார்த்து நூல் கட்டுவதும், பேயோட்டுவதும், செய்வினை என்று அயலவனைச் சந்தேகிப்பதும் நம் கிராமங்களில் நிகழ்ந்தன. அண்மைக்காலம் வரையும் நிகழ்ந்தன என்று சொன்னாற் பிழையாகாது. கிணற்றுக்கட்டில் நின்று நீரள்ளும் பெண்ணுக்கும், பனையேறுபவனுக்கும், தோணியில் தனித்துச் செல்பவனுக்கும் ஒரு நிமிட வலிப்பு உயிரைக் குடிக்கக் கூடியதாகையால், விழுதலைப் பற்றிய அச்சமே ஏனைய யாவற்றையும் மறைத்து நின்றது. அந்த அச்சத்தைக் குறைகூற இயலாது. ஆயின் அதன் விளைவாக, நோயென்றாலே விழுதல் என்றும், விழுதல் நின்றால் நோய் நீங்கிற்று என்றும் ஓரெண்ணம் வேரூன்றிவிட்டது.

மேலைநாட்டு மருத்துவம் நம் தாய்மொழியிலேயே நம்மிடம் வந்தது என்பது யாழ்ப்பாணம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயைத் தம் நிலையமாகக் கொண்டு, முதலில் ஆங்கிலத்திலும், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலும் மாணாக்கருக்கு வைத்தியம் கற்பித்தார். அவரும் அவர்தம் மாணாக்கரும் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் முதலாகப் பல நூல்களைத் தமிழாக்கினர். கூப்பர் என்பாரின் மருத்துவக் கைந்நூலைத் தழுவிய வைத்தியாகரம் 1872இல் வெளிவந்தது. மூளையின் அமைப்பையும் நரம்பின் தொழிலையும் ஒரு தமிழ் மாணவன் தமிழிலே படித்து அறியக்கூடியதாயிற்று. இரும்புத் திறப்புக்கும் பேயோட்டுதலுக்கும் மாற்றாக, இந்நோய் மூளையில் எழுவது என்னும் கருத்து அந்நூல்கள் வழியே இங்குப் பரவியது. கிரேக்க நாட்டில் கிறித்துவுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்னரே இப்போகிறாத்தீசின் மரபினர், புனித நோய் என்று வழங்கிய இதனை மூளையின் நோயே என்று எழுதி வைத்தனர். அக்கருத்து மானிப்பாய்க்கு வந்துசேர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த காலத்திலேயே வலிப்புக்கு முதலாவது பயனுள்ள மருந்து கண்டறியப்பட்டது. 1857இல் இலண்டன் மாநகரில் சாள்சு இலொக்கொக் என்னும் மருத்துவர் பொற்றாசியம் புரோமைட்டைப் பயன்படுத்தி வலிப்பு அடங்கக் கண்டதாக அறிவித்தார். நூற்றாண்டுக் கணக்காக ஒன்றும் இயலாதிருந்த நோய்க்கு இது பெரும்பேறே. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. புரோமைட்டை நெடுங்காலம் அருந்தியவர்கள் தூக்கக் கலக்கமும், மந்தபுத்தியும், பேச்சுத் தடுமாற்றமும் உடையவராயினர். வலிப்பு நின்றது, மனிதன் மங்கினான். 1912இல் செருமனியில் அல்பிரட் கோப்மன் பினோபாபிற்றோன் என்னும் மருந்தை வலிப்புக்குப் பயன்படுத்தினார். புரோமைட்டிலும் அது மேலானது. விலையும் மிகக் குறைவு. ஆகையாற் கீழைத்தேயங்களின் வைத்தியசாலைகளெங்கும் அது பரவியது. அதுவும் துயில்தரும் மருந்தே. வலிப்பை அடக்குவதற்கு மூளையைத் துயிற்றத்தான் வேண்டும் என்று அந்நாளில் யாவரும் எண்ணினர். அவ்வெண்ணத்தை 1938இல் அமெரிக்க மருத்துவர்களாகிய மெரிற்றும் புற்னமும் பினிற்றோயின் மருந்தைக் கொண்டு பொய்ப்பித்தனர். பெரிதும் துயிற்றாமலே வலிப்பைத் தடுக்க இயலும் என்பது தெளிவாயிற்று.

மருந்து அறிவை மழுக்கும் என்பது ஐயமாகவே நெடுங்காலம் இருந்தது. அளந்து பார்த்தவர் குறைவு. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுள் ஒரு பகுதியாருக்குப் பினோபாபிற்றோனும், மறுபகுதியாருக்கு மருந்தற்ற போலிக் குளிகையும் கொடுத்து ஈராண்டுகளின் பின் சோதித்தனர். மருந்து பெற்ற குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 8.4 புள்ளி குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதஞ் சென்ற பின்னரும் அவ்வேறுபாடு முற்றாக மறையவில்லை. பெற்றோர் கண்ணுக்கு அக்குழந்தைகள் நன்றாகவே இருந்திருப்பர். அளந்தபோதே தெரிந்தது. இதனால் அம்மருந்து ஆகாதது என்று முடிவு செய்தல் தகாது. அதுவே கிடைக்கும் ஊர்களில் அது உயிர்காக்கும் மருந்து. மருத்துவர் சொல்லாமல் எவரும் மருந்தை நிறுத்துவது பேராபத்து. யான் கூறுவது, அளக்க வேண்டும் என்பது மாத்திரமே.

இனி இதன் மறுபக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர் வலிப்புடையாரைப் பெரும்பாலும் கண்டது பித்தர் காப்பகங்களில். அங்கு வந்து சேர்ந்தோர் நோய் முற்றியோரும் கைவிடப்பட்டோருமாதலால், வலிப்புடையார் அனைவரும் காலப்போக்கிற் புத்தி குன்றுவர் என்று அவர்கள் துணிந்தனர். கிணற்றுக்குள்ளிருந்து வானத்தை அளந்த கதைதான். 1861இல் இலண்டன் மருத்துவர் இரசல் இரெயினோல்ட்சு, காப்பகத்துக்கு வெளியே வாழும் நோயாளரை ஆராய்ந்து, மனத்தளர்ச்சி இந்நோயின் தவிர்க்க முடியாத விளைவன்று என்று எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. 1895இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலம் வலிப்புடையார் திருமணத்தைச் சட்டத்தாற் றடை செய்தது. 1933இல் செருமனியின் நாசி அரசு, பரம்பரை வலிப்புடையாரைக் கட்டாய மலடாக்கலுக்கு உட்படுத்தியது. இந்தியாவிலும், 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில் 1976இற் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வரும் பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே தொடரிற் சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்தது. இத்தனை மருத்துவ அறிவு பெருகிய பின்னர் 1976இல் இதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது வியப்பன்றோ? வலிப்பு என்னும் சொல் அச்சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1999இலேயே.

நம்மூரிற் சட்டம் வேண்டியதில்லை. சாதகக் குறிப்புக் கைமாறுமுன் செய்தி கைமாறிவிடும். வீட்டில் ஒருவருக்கு வலிப்பென்றால் சகோதரியின் கலியாணம் குழம்பும். எனவே மறைப்பர். மறைக்கப்படும் நோயைப் பற்றி எவரும் வினவார். வினவாத குறையை எவரும் அறியார்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் யான் படிப்பித்த ஒரு பாடசாலையில், ஒன்பதாந் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். அமைதியானவன், எழுத்து முத்துப்போலிருக்கும். முதல்நாட் கற்பித்ததை மறுநாட் கேட்டால் திகைத்து நிற்பான். சங்கிலியன் பெயரை ஒரு கிழமையில் மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் நான்காம் முறை அவனுக்கு வாய்வரவில்லை. யான் அவனை வகுப்பின் பின்வாங்கிலில் நிற்க வைத்தேன். சோம்பேறி என்றேன். வீட்டில் வாய்விட்டுப் படி என்றேன். அவன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றாமலே அவன் பாடசாலையை விட்டு நின்றபின், அவனுடைய தாயார் என்னிடம் வந்து, சிறுவயது முதல் அவனுக்கு வலிப்பு இருந்ததென்றும், இரண்டு வகைக் குளிசை போடுவதால் நான்கு ஆண்டுகளாக வலிப்பே வரவில்லையென்றும், தமக்கைக்காகவே சொல்லாமல் இருந்ததென்றும் கூறினார். மாதந்தோறும் கிளினிக்கில் என்ன கேட்பார்கள் என்று வினவினேன். “வலிப்பு வந்ததோ எண்டு கேப்பினம் சேர். இல்லையெண்டு சொல்லுவம். அதே குளிசையைத் தருவினம்,” என்றார். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அதற்கு மேற் கேட்க எந்த வைத்தியருக்கு நேரம் உண்டு? வைத்தியர் கேட்ட கேள்வி ஒன்று. ஆசிரியனாகிய யான் கேட்ட கேள்விகள் பல. இரண்டுக்குமிடையில் அவனுடைய குறை ஒருவர் கண்ணிலும் படாமற் போயிற்று. யான் அதை நாள்தோறும் கண்டும் வேறு பெயரிட்டேன்.

நினைவு என்பது அறிவினின்றும் பிரித்துக் காணத்தக்க தனித் தொழில் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு வலிப்பு நோயாளியே. அவர் பெயர் கென்றி மொலைசன். அதே கனெற்றிக்கற் மாநிலத்தின் கார்ட்போர்ட் நகர வைத்தியசாலையில், 1953ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், தமது 27ஆம் வயதில், கட்டுக்கடங்காத வலிப்புக்காக அவர் சத்திரசிகிச்சை பெற்றார். வைத்தியர் ஸ்கோவில் அவருடைய மூளையின் இருபுறத்துக் கன்னப்பகுதிகளின் உட்பாகத்தை அகற்றினார். வலிப்புக் குறைந்தது. ஆயின் அன்றுமுதல் அவர் 2008இல் இறக்கும்வரை புதிதாக ஒன்றையும் மனத்திற் பதித்து வைக்க அவரால் இயலவில்லை. சற்றுமுன் கண்டு பேசியவர் அறையை விட்டு வெளியேறி மீண்டும் வந்தால், அவர் புதியவர். இவரைச் சோதித்த மொன்றியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1957இல் ஸ்கோவிலோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிற் கூறிய ஒரு செய்தி நமக்கு இன்றியமையாதது: அவருடைய நுண்ணறிவு ஈவு குன்றவில்லை, சராசரிக்கு மேலாகவே இருந்தது. பேச்சிற் குறையில்லை, கணக்கிற் குறையில்லை, நல்லொழுக்கம் மாறவில்லை. பொதுவான அறிவுச் சோதனை ஒன்றை மட்டும் நடத்தியிருந்தால், இவர் நலமாயிருக்கின்றார் என்று எழுதி அனுப்பியிருப்பர். என் மாணவனும் முத்தெழுத்துக்காரனே.

இக்காலத்திலேயே சத்திரசிகிச்சை தமிழ்நாட்டிலும் தொடங்கியது. மொன்றியலில் பென்பீல்டு என்னும் பேராசானிடம் பயின்ற யேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்புச் சத்திரவியற் பிரிவை நிறுவி, 1952இல் வலிப்புக்குச் சத்திரசிகிச்சையும் செய்தார். சென்னைப் பொது வைத்தியசாலையில் 1950இல் பி. இராமமூர்த்தி இத்துறையை வளர்க்கலானார். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியுமுன், தலைமன்னாரிற் கப்பலேறி வேலூருக்கும் சென்னைக்கும் நோயாளரைக் கொண்டு சென்ற யாழ்ப்பாணக் குடும்பங்கள் பல. இலங்கையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிமால் சேனாநாயக்கா 1980களிற் கண்டிப் பகுதியில் நடத்திய கணக்கெடுப்பில், ஆயிரம் பேருக்கு ஒன்பதின்மர் அளவில் வலிப்புடையார் காணப்பட்டனர். நூறு பேர் வாழும் ஒழுங்கைக்கு ஒருவர் என்று கொள்ளலாம். இது அரிய நோயன்று. மறைந்து வாழும் நோய்.

பின்னர் வந்த போர் வடபகுதியில் இந்நோயின் கதையை மேலும் சிக்கலாக்கியது. தலையிற் காயம் பட்டோருக்கு வலிப்பும் வரலாம், மறதியும் வரலாம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலங்களில் மருந்து விட்டுப்போக, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலையெடுத்தது. போரின் உளக்காயங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலைப் படித்தோர், கவனக்குறைவும் ஞாபகக்குறைவும் நம் மக்களிடையே எத்துணை பரவியிருந்தன என்பதை அறிவர். ஆகவே, எனக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று ஒருவர் சொன்னால், அது காயத்தின் விளைவா, வலிப்பின் விளைவா, மருந்தின் விளைவா, ஆறாத துயரத்தின் விளைவா என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

இவ்வாறு பிரித்தறியும் வழியில் முதற்படியாக அமைவதே இக்காலத்தார் கூறும் அறிதிறன் முன்சோதனை. இது நோய்நிர்ணயமன்று. வலைக்குள் மீன் உண்டோ என்று கயிற்றை இழுத்துப் பார்ப்பது போன்றது. 1975இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட 30 புள்ளிச் சோதனையொன்று உலகெங்கும் வழங்கியது; எனினும் அது முதியோரின் அறிவுத் தேய்வைக் கருத்திற் கொண்டு ஆக்கப்பட்டதாகையால், வலிப்புடையாரின் நுண்ணிய குறைகள் அதன் கண்ணிகளூடே நழுவிவிடும். 2005இல் மொன்றியலில் நசிரடீன் என்பவரும் துணைவரும் வெளியிட்ட சோதனை சற்று நெருங்கிய வலை. பத்து நிமிடத்தில் முடிவது. ஐந்து சொற்களைச் சொல்லிக் கொடுத்து, இடையில் வேறு வேலைகளைச் செய்வித்து, பின்னர் அவ்வைந்தையும் கேட்பர். மணிக்கூட்டு முகம் வரைவிப்பர். இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்விப்பர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பிப்பர். 2011இல் தாய்லாந்தில் வெளிவந்த ஒரு சிற்றாய்வில், பழைய சோதனையிற் குறையற்றவராய்த் தேறிய வலிப்பு நோயாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் இப்புதிய சோதனையிற் குறை காட்டினர். செருமனியில், வலிப்புடையாருக்கென்றே கவனத்தையும் மருந்தின் விளைவையும் அளக்கும் சிறுசோதனையொன்றும் ஆக்கப்பட்டுள்ளது.

இன்னுமொரு செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தியது. வலிப்பு முதன்முதல் அறியப்பட்டு, மருந்தே தொடங்காத நோயாளரைச் சோதித்தபோதும், ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் நினைவிலோ கவனத்திலோ ஏதோவொரு குறை காணப்பட்டது. அப்படியாயின் எல்லாப் பழியையும் மருந்தின் மேற் போடுவதற்கில்லை. அபஸ்மாரம் என்று பெயரிட்டவர் மருந்துக்கு முந்திய நோயாளியையே கண்டிருப்பார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். 2015இல் வலிப்பு நோய்க்கு எதிரான அனைத்துலகக் கழகத்தின் அறிஞர் குழு, புதிதாக நோய் கண்டோர் அனைவருக்கும் நினைவு, மனநிலை, நடத்தை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சோதித்தல் வேண்டுமென்று பரிந்துரைத்தது. தொடக்கத்தில் அளந்து வைத்தாலன்றோ, பின்னாற் குறைந்ததா இல்லையா என்று சொல்ல இயலும்? நோயாளியைக் கேட்டே அறியலாமே என்பது போதாது. மறதியென்று முறையிடுவோர் பலர் சோதனையில் நன்றாகத் தேறுகின்றனர். அவர்களை வருத்துவது மனச்சோர்வு. உண்மையில் மறப்பவரோ, தாம் மறந்ததையே மறந்து, குறையொன்றுமில்லை என்பர்.

முதியோர் நிலை மேலும் இரங்கத்தக்கது. பிள்ளைகள் இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருக்க, இங்கே தனித்து வாழும் எழுபது வயதுப் பெரியவர், காலையில் எழுந்தவுடன் அரைமணி நேரம் ஒன்றும் விளங்காமற் கேட்ட கேள்வியையே கேட்டுக் கொண்டிருந்தால், வயது போய்விட்டது என்பர். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். மருந்துக்கு அடங்கவுங் கூடும். விழாமலும் இழுக்காமலும் வரும் வலிப்பை நம்மவர் வலிப்பென்றே கொள்வதில்லை.

இச்சோதனைகளைத் தமிழிற் பெயர்த்தல் போதுமா என்பது தமிழாசிரியர் சிந்திக்க வேண்டிய வினா. மொன்றியற் சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. ஆனால் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பின்னிருந்து கூட்டச் சொல்வது ஆங்கிலப் பிள்ளைக்குப் பழக்கம். உயிர்மெய்யாக எழுதும் நமக்கு அது புதுமை. ஓரெழுத்திற் றொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்திற் கூறுக என்றால், தமிழிற் க என்பதா, கா, கி, கீ எல்லாமும் சேர்ந்ததா? கனசதுரத்தை வரையென்றால், எழுதுகோல் பிடித்தறியாத ஒரு மூதாட்டி, சந்தைக் கணக்கை மனத்தாற் கூட்டுபவள், தோற்றுவிடுவாள். அவளைக் குறையுடையவள் என்று எழுதுவது சோதனையின் குறை. கல்விக் குறைவுக்காக ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பதனால் அது தீராது. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் மனனஞ் செய்வித்தனர்; புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானம் செய்து புகழ்பெற்றார். நினைவையும் கவனத்தையும் பயிற்றவும் அளக்கவும் இத்துணை முறைகளைக் கையாண்ட ஒரு சமூகம், தன் நோயாளரை அளப்பதற்குத் தன் மொழியிலிருந்தே ஐந்து நல்ல சொற்களைத் தெரிந்தெடுக்க இயலாதா? கிறீன் வைத்தியர் தமிழ்ச்சொல் இருக்குமிடத்தில் அதனை முதலிற் றேடினார். பின்னரே பிறமொழியை நாடினார். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் தொடங்கியபின் இவ்வேலைக்கு ஆளில்லை என்றும் சொல்வதற்கில்லை.

குறை தெரிந்தபின் செய்யக்கூடியது என்ன என்று கேட்பர். இரண்டு மருந்தில் ஒன்றைக் குறைக்கலாம், அல்லது மாற்றலாம். தொப்பிரமேற்று என்னும் மருந்தால் வாயில் வரவேண்டிய சொல் வராமற் போவது நன்கறியப்பட்டது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்கலாம். ஆசிரியருக்குச் சொல்லி, ஒருமுறை சொல்வதை எழுதியும் கொடுக்கச் செய்யலாம். பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டலாம். இவை பெரிய சிகிச்சைகளல்ல. முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒருவனைப் பின்வாங்கிலில் நிற்க வைக்காமல் இருப்பதற்கு மருந்தும் வேண்டியதில்லை.

அம்மாணவனை அண்மையில் ஒரு மரக்காலையிற் கண்டேன். மரத்தை அளந்து கொண்டிருந்தான். சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி. பலகையின் நீள அகலம், வாங்குபவர் பெயர், கொடுக்க வேண்டிய மிச்சக் காசு, மாலையில் மகளை ரியூசனிலிருந்து கூட்டிவர வேண்டிய நேரம், எல்லாம் அதே முத்தெழுத்தில். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை சேர், கோபிக்க வேண்டாம் என்றான். கிளினிக்குக்கு இப்போதும் மாதந்தோறும் செல்கின்றானாம். ஞாபகத்தைப் பற்றி இதுவரை யாரேனும் கேட்டார்களா என்றேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தவணை பன்னிரண்டாந் தேதி என்றான். அன்று தானே கேட்கப் போவதாகச் சொல்லி, அத்தேதிக்கு எதிரே ஏதோ எழுதிக் கொண்டான்.